சிக் கதிரை

நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி. வெயிலில் கிடந்து நீலம் சாம்பலாகிப் போயிருந்தது. துணியைத் தாங்கிய மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் நீண்ட பூவரசந்தடிகளைத் தும்புக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள், நாலு பேர் பிடித்துத் தூக்குவதற்கு. நெடுந்தீவுத் துறையில், ஓலைக் கொட்டிலின் மூலையில், அந்தச் சாய்மனைக் கதிரை கடலைப் பார்த்தபடி நிற்கும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருந்தது. சிக் கதிரை. ஏ, பி, சி தெரியாதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். என் அம்மா சொன்னார். ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள். மீன் கூடையை எங்கே வைத்தோம் என்று தேடுகிற பெண்கள், "சிக் கதிரைக்குப் பக்கத்திலை வைச்சனான், ஆரப்பா எடுத்தது?" என்றார்கள். எங்கள் தீவு முழுவதும் அறிந்திருந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் தணிந்த பிறகு எழுதினால் எழுத்து நன்றாக வரும் என்று எனக்குப் படிப்பித்த ஒருவர் சொல்வார். நானும் காத்திருந்து பார்த்தேன். தணியவில்லை. ஆகவே இப்படியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கடலில் கெடுபிடி தொடங்கியிருந்தது. நெடுந்தீவிலிருந்து, யாழ்ப்பாணம் போகிற வழியில் உள்ள குறிகட்டுவானுக்கு நினைத்தபோதெல்லாம் வள்ளம் விட முடியாது. பாதி வழியில் கடற்படையின் ரோந்துப் படகு வந்து மறிக்கும். அதில் நிற்பவனுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் வள்ளக்காரருக்கு அவன் மொழி தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த ஓர் ஆங்கிலச் சொல்தான். "சிக்?" என்று அவன் துவக்கின் நுனியால் கதிரையைக் காட்டிக் கேட்பான். "சிக், சிக்" என்று வள்ளம் முழுவதும் ஒரே குரலில் சொல்லும். நோயில் கிடக்கிற வருத்தக்காரர் இருந்தால் விடுவான். இல்லையென்றால் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவான். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் அல்ல. சில தடவை அப்படி நடந்தது, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. துறையைப் பார்த்துக்கொண்ட சங்கத்தார் கூடிப் பேசி, வள்ளம் போகிற நாளெல்லாம் அதில் ஒரு 'சிக்' போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கதிரை வந்தது அப்படித்தான்.

ஆனால் வள்ளம் போகிற நாளாகப் பார்த்து ஊரில் ஒருவருக்கு வருத்தம் வருமா? வராது. வருத்தம் இல்லாத நாளிலும் மாவும் மண்ணெண்ணெயும் வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் வழக்கு இருக்கும், பென்சன் இருக்கும், பரீட்சை இருக்கும். ஆகவே சுகமாக இருக்கிறவர்கள் வருத்தக்காரராக நடிக்கத் தொடங்கினார்கள். இதை நான் பிழை சொல்ல மாட்டேன். பொய் சொன்னால்தான் வீட்டில் விளக்கெரியும் என்றால் பொய் சொல்லத்தான் வேண்டும். என் கோபம் அந்தப் பொய்யில் இல்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கதிரை ஒரு மரியாதையாகிவிட்டது. மற்றவர்கள் வள்ளத்தின் அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நெருக்கியடித்து இருக்க, 'சிக்' ஆனவர் மட்டும் குடை நிழலில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார். அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுவார்கள், தூக்கிக்கொண்டு வந்து இறக்குவார்கள். சங்கத்துக்கு வேண்டியவர்கள், கடைக்காரர், பென்சன்காரர் என்று ஊரில் குரல் உள்ளவர்களுக்குத்தான் அந்த இடம் கிடைத்தது. தலையைச் சுற்றித் துவாய், நெற்றி நிறைய விபூதி, கையில் முகர்ந்துகொள்ள ஒரு தேசிக்காய். ரோந்துப் படகின் சத்தம் கேட்டதும் முனகத் தொடங்க வேண்டும். சிலர் மிக நன்றாக முனகினார்கள். திருவிழாவுக்கு யார் உபயம் என்று கேட்பதுபோல, "இண்டைக்கு ஆர் சிக்?" என்று துறையில் கேட்பார்கள். "போன கிழமையும் நீர்தானே சிக், இந்தமுறை எங்களுக்கு விடும்" என்று சண்டை பிடிப்பார்கள். "முதலாளி இந்தமுறை முனகினது காணாது, அவன் சந்தேகமாய்ப் பாத்தவன்" என்று சிரிப்பார்கள். பெண்கள் யாரும் அந்தக் கதிரையில் போனதில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா கல்வேலி கட்டுகிறவர். எங்கள் தீவில் வளவுகளைச் சுற்றி முருகைக் கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் வேலி. அந்த வேலை அவருக்கு எல்லா நாளும் கிடைக்காது. அம்மாவுக்கு முட்டு, மூச்சு இழுக்கிற வருத்தம். அக்காவை ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு தூரத்தில் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் தண்ணீர் அள்ள வேண்டும், ஒருவர் பள்ளிக்கூடம் போகலாம். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், குடத்தைத் தூக்கக்கூடியவள். அவ்வளவுதான் காரணம். ஆனால் பாடம் முடிந்து நான் வந்ததும் அன்றைக்கு என்ன படித்தேன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சோறு போட மாட்டாள்.

ஒருநாள் ஆங்கில வகுப்பில் உடல்நலம் பற்றிய பாடம். ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் எழுத்தில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, சிக் என்றால் வருத்தம், சுகமில்லாமல் இருப்பது என்று அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப அம்மாவுக்கு முட்டு வாறது சிக்கோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"கடைக்கார முதலாளிக்கு?"

"அது பொய்."

"பொய்க்கு இங்கிலீசிலை என்ன சொல்?"

சொன்னேன். "லை, லை" என்று இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்ப எங்கடை துறையிலை நிக்கிறது லை கதிரை" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு முட்டு வந்துவிட்டது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது அக்கரையில், சுருவில் என்கிற ஊரில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை மேசன். எங்கள் தீவுக்குக் கோயில் வேலைக்கு வந்த இடத்தில் அவளைக் கிணற்றடியில் கண்டு, தானே வீட்டில் சொல்லியனுப்பியவர். ஆவணியில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. அக்கா அதிகம் கதைக்கவில்லை. ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவளிடம் ஒரு நடை வந்திருந்தது. பாட்டுப் பாடிக்கொண்டு போகிற ஆளின் நடை.

வயிற்றுக் குத்து வந்தது ஆடி மாதத்தில். முதலில் தொப்பூழைச் சுற்றி என்றாள். பிறகு வலது பக்கம் அடிவயிறு என்றாள். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார், உப்பு ஒத்தடம் கொடுத்தார். அடுத்த நாள் காய்ச்சலும், குடித்த தண்ணீரையும் வெளியே தள்ளுகிற சத்தியும். காலை நீட்ட முடியாமல் சுருண்டு கிடந்தாள். பரியாரியார் வந்து வயிற்றில் கையை வைத்து அழுத்தி எடுத்தார். அவள் கத்திய கத்தலில் அவர் முகம் மாறிவிட்டது. "இது என்ரை கையிலை இல்லை. இண்டைக்கு வள்ளம் போகுதாம், யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போங்கோ. நாளைக்கெண்டு நில்லாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

துறைக்குச் சொல்லியனுப்பிக் கதிரையைக் கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். அப்பா என்னை முறைத்தார். "சிக் எண்டு கதிரையிலை போன பெட்டையை ஆர் கட்டுவான்? அவள் குறிகட்டுவானிலை இறங்க முந்திக் கதை சுருவிலிலை இறங்கிவிடும்" என்றார். அம்மா போய்ச் சீலைப் பெட்டியைத் திறந்தார். கிழவர்கள் நடிக்கலாம். ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். கலியாணம் பேசிய பெண்ணை ஊர் பார்க்கக் கதிரையில் தூக்கினால் அது நடிப்பாக இருந்தாலும் உண்மையாக இருந்தாலும் ஒன்றுதான். இது அப்பாவின் கணக்கு. அவருடைய கணக்கு என்று சொல்வதும் சரியல்ல, ஊர் அவருக்குப் படிப்பித்த கணக்கு.

ஆகவே அக்காவைச் சுகமான பெண்ணாக உடுத்தினோம். காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த உடம்புக்கு அம்மா நல்ல சீலையை உடுத்திவிட்டார். முகத்துக்குப் பவுடர். வியர்வை வழியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பவுடர். தலையில் ஒரு செவ்வரத்தம்பூ. பூவை நான்தான் குத்தினேன். ஊசி தலையில் பட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. துறை வரைக்கும் கல்வேலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அந்த வேலிகளில் பாதி அப்பா கட்டியவை. அப்பா திரும்பிப் பார்க்காமல் முன்னே நடந்தார். எதிரே யாரும் வந்தால் அக்கா நிமிர்ந்து சிரிப்பாள், போனதும் வேலியில் சாய்வாள். ஒரு பெண் இப்படி நடக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது பேனை கிழித்துவிடும்போல் இருக்கிறது.

துறையில் கதிரை ஏற்கெனவே நிறைந்திருந்தது. கடைக்கார முதலாளி வெள்ளை வேட்டியோடு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஜெர்மனியிலிருந்து மகன் ரெலிபோன் எடுக்கிறானாம். சங்கக் காரியதரிசி கொட்டில் வாசலில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன, குடும்பமாய் வெளிக்கிட்டிட்டியள்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"மூத்தவளுக்குச் சுகமில்லை ஐயா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்."

காரியதரிசி அக்காவைப் பூவிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். "உவளுக்கோ? கலியாண வீட்டுக்குப் போறவள் மாதிரியெல்லோ நிக்கிறாள்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வயித்துக் குத்து ஐயா. பரியாரியார் இண்டைக்கே போகச் சொன்னவர்."

"வயித்துக் குத்து ஆருக்குத்தான் இல்லை? நடந்து வந்தவள்தானே. இடமில்லை, எல்லாம் நிறைஞ்சு போச்சு. அடுத்த வள்ளத்திலை பாப்பம். இண்டைக்குச் சிக் இருக்கிறார்." முதலாளியைக் காட்டினார். முதலாளி ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

எனக்குப் பதினாலு வயது. அந்தத் துறையில் பெண்பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன். "சிக் எண்டால் வருத்தம். வருத்தக்காரர் நடக்கவும் நடப்பினம். நடக்கேலாதவைதான் சிக் எண்டு ஒரு டிக்சனரியிலையும் இல்லை. அக்காவுக்குத்தான் வருத்தம். அவருக்கு ஒண்டுமில்லை."

காரியதரிசிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு குழந்தையின் கதையைக் கேட்பதுபோலச் சிரித்தார். "ஓகோ, உவள் பள்ளிக்கூடம் போறவள் என்ன? எங்களுக்கு இங்கிலீசு படிப்பிக்க வந்திட்டா. பிள்ளை, உன்ரை டிக்சனரி கடலிலை ஓடாது. இஞ்சை சிக் எண்டால் கதிரையிலை இருக்கிறவர்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது அக்கா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னே நடந்தாள். நேராகக் கதிரைக்குப் போனாள். "முதலாளி, எழும்புங்கோ" என்றாள்.

"பிள்ளை, நானெல்லோ சிக்" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. திரும்பவும் சிரிப்பு. அது முடிவதற்குள் அக்கா குனிந்து சத்தி எடுத்தாள். பச்சையாக, அவருடைய வெள்ளை வேட்டி முழுவதும். "ஐயோ, என்ரை வேட்டி!" என்று கத்திக்கொண்டு முதலாளி கதிரையிலிருந்து துள்ளி எழுந்து தண்ணீருக்கு ஓடினார். தலையில் சுற்றியிருந்த துவாய் வழியில் விழுந்தது. மீன் விற்கிற பெரியம்மா ஒருவர் கூடையோடு நின்றவர், "அந்தோனியாரே, புதுமை! சிக் எழும்பி ஓடுது பாருங்கோ!" என்றார். துறை அதிர்ந்தது.

அக்கா சிரிக்கவில்லை. வாயைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தடியைப் பிடித்து மெல்லக் கதிரையில் இருந்தாள். காரியதரிசியைப் பார்த்தாள். "இப்ப நான்தான் கதிரையிலை இருக்கிறன். தூக்குங்கோ" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. வழக்கமாகத் தூக்குகிற நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "குமர்ப்பிள்ளையை நாங்கள் எப்பிடித் தூக்கிறது?" என்றார் ஒருவர். "பிறகு கதை வரும்" என்றார் இன்னொருவர். கிழவர்களைக் கிழமைக்குக் கிழமை சுமந்த தோள்கள் அவை. ஒரு பெண்ணைச் சுமக்க அவற்றுக்கு வெட்கம் வந்துவிட்டது. மீன்காரப் பெரியம்மா கூடையை இறக்கி வைத்தார். "உங்கடை வெட்கத்தைக் கொண்டுபோய் உப்புப் போட்டுக் காய வையுங்கோ" என்று சொல்லிவிட்டு ஒரு தடியின் முனையைப் பிடித்தார். நான் ஒன்றைப் பிடித்தேன். "நீ கட்டை, பிள்ளை, முன்னுக்கு வா" என்றார். அம்மா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு பின்பக்கம் ஒன்றைப் பிடித்தார். நாலாவது முனையில் ஆள் இல்லை. கதிரை அந்தப் பக்கம் சரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்பா தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவர் திரும்பியதை நான் பார்க்கவில்லை. கதிரை நிமிர்ந்ததைத்தான் உணர்ந்தேன். பார்த்தபோது அவர் அந்த முனையைப் பிடித்திருந்தார். முகம் கல்லாக இருந்தது. நாங்கள் நடந்தபோது ஆட்கள் விலகி வழி விட்டார்கள். காரியதரிசியும் விலகினார்.

கடலில் வழக்கம்போல ரோந்துப் படகு வந்தது. துவக்கோடு நின்றவன் கதிரைப் பக்கம் குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். பவுடரெல்லாம் கரைந்து, உதடு வெடித்து, பூ கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கேட்கப் போகிறான் என்று வள்ளம் முழுவதும் வாயைத் திறந்து வைத்திருந்தது. அவன் கேட்கவில்லை. போ, போ என்று கையை மட்டும் வேகமாக வீசினான். அத்தனை பயணங்களில் அந்தச் சொல் தேவைப்படாத பயணம் அது ஒன்றுதான் என்று வள்ளக்காரர் பிறகு சொன்னார்.

அப்பெண்டிக்ஸ். வெடிக்கிற தறுவாயில் இருந்ததாம். அன்றைக்கே வெட்டினார்கள். காயம் ஆறி, தையல் பிரித்து, அக்கா திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். மற்றபடி சுகம். டொக்டர் எல்லாவற்றையும் விளங்கச் சொல்லி, இனி இந்த வருத்தம் வராது, வருவதற்கு அந்த உறுப்பே இல்லை என்று சிரித்துத்தான் அனுப்பியிருந்தார். அந்த நல்ல சொல்லைத் தூக்கிக்கொண்டு தீவில் இறங்கினோம். துறையில் மற்றச் சொல் எங்களுக்காகக் காத்திருந்தது. "அதுதான் அந்தச் சிக் பெட்டை" என்று ஒரு பெண் தன் பிள்ளைக்கு அக்காவைக் காட்டினாள்.

சுருவிலிலிருந்து தரகர் வந்தார். அப்பா சொன்னது அப்படியே நடந்தது, ஆனால் அப்பா அதில் மகிழவில்லை. "பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. ஆனால் சிக் எண்டு கேள்விப்பட்டினம். பெடியன் ஓம்தான், தாய் சம்மதிக்கிறா இல்லை." கதிரையில் தூக்கிக்கொண்டு போனதாம், வயிற்றில் கத்தி வைத்ததாம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம், இழுப்பாம், இன்னும் என்னவெல்லாமோவாம். சொன்னவர்களில் பாதிப் பேர் துறையில் நின்று கண்ணால் பார்த்தவர்கள். மேசன் ஒரு தரமாவது நேரே வந்து கேட்பார் என்று நான் நினைத்தேன். வரவில்லை. அக்கா நினைத்தாளா என்று தெரியாது. ஆவணி வந்தது, போனது. அவள் பழையபடி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அந்த நடை போய்விட்டது. தூக்குகிற பாரத்துக்கு ஏற்ற நடைதான் மிச்சம்.

இனி முதலாளியைப் பார்ப்போம். அடுத்த வள்ளத்தில் அவர் திரும்பவும் சிக். அதற்கடுத்த மாதமும் சிக். இதே வாயால் எத்தனை தரம் முனகினார் என்று ஊருக்கே தெரியும். அடுத்த வருடம் அவருடைய மகளுக்குப் பந்தல் போட்டு, மேளம் பிடித்து, தீவே சாப்பிடக் கலியாணம் நடந்தது. தகப்பன் சிக்காமே, அது பிள்ளைக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவர் சால்வை மாதிரிப் போட்டார், கழற்றினார். அக்காவின் மேல் போட்டபோது அது கழலவில்லை.

பிறகு நான் மேலே படித்தேன். நல்ல அகராதிகளைப் புரட்டினேன். அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன், பிழை என்மேல்தானோ என்று. இல்லை. சுகமில்லாத நிலை, அவ்வளவுதான். யாருக்கும் வரும், யாரையும் விட்டுப் போகும். எங்கள் துறையில் அது பழகிய விதத்தை எழுதுவதென்றால் அகராதிக்காரர் வேறு மாதிரி எழுத வேண்டும். ஆணுக்குச் சொன்னால் ஒரு பயணம் முடியும் வரைக்கும். பெண்ணுக்குச் சொன்னால் ஆயுள் முடியும் வரைக்கும். பொய்யாகச் சொன்னால் மரியாதை. உண்மையாகச் சொன்னால் இழிவு. வருத்தம் என்று எங்களுக்கு ஒரு சொல் இருந்தது. வருத்தம் வந்தது, மாறியது என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். அந்நியச் சொல்லை எடுத்துக் கடலைக் கடந்தது சரி. அதே சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு பெண்ணின் நெற்றியில் ஒட்டியது யார்? துவக்கோடு நின்றவன் அல்ல. எங்கள் ஆட்கள்தான்.

நாங்கள் தீவை விட்டு வந்து நாலைந்து வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு. அப்பா இப்போது கல் தூக்குவதில்லை. அக்கா தையல் மெசின் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இந்த ஒழுங்கையில் அவளைத் தேடித்தான் வருவார்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாயும் தரகரும் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். அம்மா விடியவே உளுந்து ஊறப் போட்டார். அவர்கள் படலையைத் திறந்ததும் அம்மா அக்காவைப் பார்த்து, "நீ குசினிக்குள்ளை இரு பிள்ளை" என்றார். அதை நான் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் நல்ல சீலை, நல்ல பேச்சு. வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை படிச்சவ, உத்தியோகம், எங்களுக்கு நல்ல விருப்பம். ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. மூத்தவ சிக் எண்டு கதை. அது பரம்பரையிலை வாறதோ?"

"ஐயோ, அப்பிடி ஒண்டுமில்லை" என்றார் அம்மா. அவருடைய குரல் சுருங்கிவிட்டது. ஒன்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு முன்னால் அம்மாவின் குரல் அப்படித்தான்.

நான் எழும்பினேன். "அவவுக்கு அப்பெண்டிக்ஸ் வந்தது. வெட்டினது. சுகமாகி ஒன்பது வருசம். உங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு காய்ச்சலும் வந்ததில்லையோ?"

"பிள்ளை, ஏன் கோவிக்கிறியள்? ஆக்கள் கதைக்கினம், அதுதான்..."

"ஆக்களை விடுங்கோ. நீங்களே பாருங்கோ. அக்கா! இஞ்சை ஒருக்கால் வாங்கோ!"

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. எல்லோரும் குசினி வாசலைப் பார்த்தார்கள். பிறகு துருவுகிற சத்தம் திரும்பவும் தொடங்கியது. அக்கா வரவில்லை. தரகர் மணியைப் பார்த்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழும்பினார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால் படலை வரைக்கும் போனார்.

நான் குசினிக்குள் போய்க் கத்தினேன். "ஏன் வரேல்லை? கூப்பிட்டது கேட்டதுதானே? அம்மா சொன்னால் வாழ்நாள் முழுக்க இதுக்குள்ளை ஒளிச்சிருப்பியளோ?"

அக்கா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் கண்டதில்லை. "ஆரடி ஒளிச்சது? அம்மா இரு எண்டவ எண்டு நான் இருக்கேல்லை. எனக்கு அவையளைப் பாக்க விருப்பமில்லை. நான் வந்து நிக்கோணும், அந்த மனிசி மேலையும் கீழையும் பாத்திட்டு, ஓம், இவ சிக் இல்லை எண்டு தீர்ப்புச் சொல்லோணும், என்ன? அவ ஆர்? டொக்டரோ? ஒருநாள் பூ வைச்சுப் பவுடர் போட்டு நடந்து காட்டினது காணும். இனி நான் ஒருத்தருக்கும் நடந்து காட்ட மாட்டன். உனக்காகவும் மாட்டன்."

அவளுக்காகத்தான் நான் சண்டை பிடிக்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"உன்ரை சம்பந்தமும் போச்சு" என்றாள் அக்கா.

"போகட்டும்."

"போறதெண்டால் முந்தியே சொல்லியிருக்கலாம். இவ்வளவு வடை சுட்டிருக்கத் தேவையில்லை."

தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் நிலத்தில் இருந்து ஒன்றை எடுத்தேன். அம்மா ஓடி வந்து, அவர்கள் இன்னும் படலையடியில்தான் நிற்கிறார்கள், மெதுவாகக் கதையுங்கோ என்று கையைக் காட்டினார். அக்கா மெதுவாகக் கதைக்கவில்லை. ஒழுங்கை முழுவதும் கேட்கிற குரலில் சொன்னாள்: "இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை அம்மா. வடைதான் கனக்க மிஞ்சிக் கிடக்கு. அப்பாவையும் கூப்பிடுங்கோ, சாப்பிடுவம்."